பிஸ்கட் டப்பாவில் ஐந்து வளையங்கள்

நைனா,

இந்தக் கடிதத்தோடு பரணில் கிடந்த பழைய பிஸ்கட் டப்பா ஒன்றையும் சேர்த்து அனுப்புகிறேன். அதை இப்போது திறக்காதே. முதலில் இதைப் படித்து முடி. உனக்குப் பொறுமை கிடையாது என்பது தெரியும், அதனால்தான் டப்பாவைச் சுற்றி உன் அம்மாவின் பழைய நாடாவை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் என்னால் முடியாது. போனில் ஏற்கெனவே ஒரு தடவை உன்னிடம் மழுப்பிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அடித்து அடித்துத் திருத்தியாவது உண்மைக்கு வந்துவிடுவேன் என்று தோன்றுகிறது. என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், கோபித்துக்கொள்ளாதே.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நீ தூத்துக்குடியில் உன் கல்லூரியில் கொடுக்கப்போகிற ஆராய்ச்சி அறிக்கை தப்பு. பழவேற்காட்டில் பிடிபடும் சங்கின் அளவு இத்தனை வருஷமாகியும் குறையவில்லை என்று அதில் எழுதியிருக்கிறாயே, அது தப்பு. நீ தப்பாக எண்ணவில்லை, தப்பாகக் கூட்டவில்லை. எந்த வளையத்தை நம்பி எண்ணினாயோ, அந்த வளையம் தப்பு. அதைக் கடைந்தவன் நான். தெரிந்தே கடைந்தேன். உன் முகத்துக்கு நேராக ஒரு நாள் அதை மறைத்தும் விட்டேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக யோசித்தேன். கங்கையா மாமாவிடமிருந்து ஆரம்பிப்பதுதான் சரி. நீ அப்போது மூன்றாம் வகுப்பு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் லேத் பட்டறைக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது, ஷிப்ட் முடிந்து ரயிலுக்குப் போகும் முன் அங்கே ஒரு கிளாஸ் டீ குடித்தால்தான் எனக்குப் பொன்னேரி வரை உட்கார முடியும். ஒரு நாள் வெற்றிலைக் காவி பற்களோடு ஒருவர் செய்தித்தாளில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து, இங்கே லேத்தில் கடைகிற நல்ல டர்னர் யார் என்று கேட்டார். கடைக்காரர் என்னைக் கைகாட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவர்தான் கங்கையா. பழவேற்காட்டில் மீனவர்களிடம் சங்கு வாங்கி, ஓடுகளை வளையல் செய்கிறவர்களுக்கும் சதையைக் கம்பெனிக்கும் அனுப்புகிறவர். செய்தித்தாளுக்குள் இருந்தது ஒரு பித்தளை வளையம். அவருடைய அப்பா காலத்துச் சாமான். ஓரத்தில் இன்ன அளவு என்று எண் வெட்டியிருந்தது.

அந்த வளையத்தின் வேலையை உனக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். சங்கை நுனி கீழே இருக்கும்படி வளையத்துக்குள் விடுவார்கள். தோள்பட்டை முட்டி நின்றுவிட்டால் அது வளர்ந்த சங்கு, எடுத்துக்கொள்ளலாம். வழுக்கிக் கீழே விழுந்தால் சின்னது, உயிரோடு திரும்பக் கடலுக்குப் போக வேண்டும். கங்கையாவின் அப்பா விழுந்ததை எல்லாம் கூடையில் சேர்த்து, கொண்டுவந்தவர்களிடமே கொடுத்துத் திருப்பி அனுப்புவாராம். நின்றது எத்தனை, விழுந்தது எத்தனை என்று தினமும் நோட்டில் எழுதி வைப்பது அந்தக் குடும்பத்துப் பழக்கம். நீ பிற்பாடு தூசி தட்டி எடுத்தாயே, அதே நோட்டுகள்.

கங்கையா அன்று சொன்னது இதுதான்: "ரொம்ப வருசமா ஓட்டிக்கினு கீறோம், தேய்ஞ்சு தேய்ஞ்சு ஓட்ட பெர்சாயிடுச்சு. நிக்க வேண்டியதெல்லாம் வுயுது." நான் அளந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. பித்தளை மெத்தென்ற உலோகம், சங்கு ஓடோ கல் மாதிரி. உரசி உரசி, வெட்டியிருந்த எண்ணைவிட ஓட்டை ஒரு மயிரளவு அகன்றிருந்தது. வெட்டியிருந்த எண்ணுக்கே புதிதாக ஒன்று கடைந்து கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கங்கையா, இதுவும் தேயத்தானே போகிறது, கொஞ்சம் இறுக்கமாகவே போடு என்றார். தேய்மானத்துக்கு இடம் விட்டுக் கடைவது எங்கள் தொழிலில் சகஜம். அச்சு, புஷ், எதுவாக இருந்தாலும் தேயும் என்று தெரிந்தால் கொஞ்சம் விட்டுத்தான் போடுவோம். அந்தப் பழக்கத்தில் போட்டேன். போட்டுவிட்டு, ஓரத்தில் பழைய எண்ணையே பஞ்ச் அடித்தேன். உள்பக்கத்தில் மாசமும் வருஷமும் அடித்தேன். நான் கடைந்த சாமானில் தேதி இல்லாமல் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை, அது என் கிறுக்கு. பழைய பித்தளை வளையத்தை என்ன செய்வது என்று கேட்டேன், நீயே வைத்துக்கொள் என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து டப்பாவில் போட்டேன்.

அந்த முதல் வளையத்தில் என் குற்றம் கொஞ்சம்தான். அதையும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை, கூட்டியும் சொல்ல விரும்பவில்லை. இரண்டாவதில்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். நீ ஒன்பதாம் வகுப்புக்கு வந்த வருஷம் கங்கையா திரும்ப வந்தார். வலையில் வருவதெல்லாம் பொடியாக இருக்கிறது, பாதி விழுந்துவிடுகிறது, வளையம் தேய்ந்துவிட்டது போல என்றார். நான் அளந்தேன். வளையம் தேயவே இல்லை. ஏனென்றால் முதல் தடவையே நான் புத்திசாலித்தனமாகப் பித்தளையை விட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டிருந்தேன். உப்புத்தண்ணீரில் துரு ஏறாது, சங்கு உரசினாலும் லேசில் தேயாது. நான் விட்ட தேய்மான இடம் அப்படியே இருந்தது. அதாவது, ஓட்டை ஏற்கெனவே இருக்க வேண்டியதைவிடச் சின்னது. அதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. கங்கையாவின் பின்னால் இரண்டு மீனவர்கள் வேறு வந்திருந்தார்கள். கரையில் கூடை கூடையாகத் திருப்பி அனுப்பினால் நாங்கள் எங்கே போவது என்ற முகத்தோடு நின்றார்கள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வரவில்லை. சரி, தேய்மானத்துக்கு விட்டுப் போடுகிறேன் என்றேன். தேயாத ஸ்டீலுக்குத் தேய்மானம். பட்டறையில் ஒரு சின்னப் பையன் இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இன்னொரு தப்பையும் அதில் சேர்த்துச் செய்தேன். எந்தச் சாமானையும் மூல அளவைப் பார்த்துத்தான் கடைய வேண்டும், நகலைப் பார்த்து நகல் எடுக்கக் கூடாது. இது லேத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. நான் பித்தளை வளையத்தில் வெட்டியிருந்த எண்ணைப் பார்க்கவில்லை. கையில் இருந்த என் வளையத்தை அளந்து, அதிலிருந்து இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அதன் மேலும் அதே பழைய எண்ணை அடித்தேன்.

இதற்கு அடுத்த மாசம் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். காலாண்டுத் தேர்வில் கணக்கில் முப்பத்தொன்று வாங்கி, அட்டையில் அதை எண்பத்தொன்றாக மாற்றிக் கொண்டுவந்தாய். மூன்றின் இரண்டு வாயையும் பேனாவால் அடைத்து எட்டாக்கியிருந்தாய். நான் கையெழுத்துப் போட எடுத்தவுடனே தெரிந்துவிட்டது, மை இரண்டு நிறம். உன்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை கடைத்தெரு வழியாக நடத்திக் கூட்டிக்கொண்டு போய், தலைமையாசிரியர் அறையில் நிறுத்தி, நீயே சொல் என்றேன். உனக்குக் குரலே வரவில்லை. "நெம்பர மாத்திட்டன் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் உன் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. ஒன்பது நாள் உன்னோடு பேசவில்லை. உன் அம்மா, சின்னப் பிள்ளையை இப்படியா வதைப்பது என்று சண்டைக்கு வந்தாள். அளவில் பொய் சொல்கிறவன் எதிலும் பொய் சொல்வான் என்று நான் பெரிய நியாயவான் மாதிரி அவளுக்குப் பதில் சொன்னேன். அந்த வாயை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பத்தாம் நாள் காலையில் நாஷ்டா சாப்பிடும்போது நீயாகவே என் தட்டில் ஒரு இட்லியை எடுத்து வைத்தாய். நான் அதைச் சாப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டவன் நீ. கேட்டிருக்க வேண்டியவனும் நீதான் என்று அன்று நம்பினேன்.

மூன்றாவது வளையம் நீ பிளஸ் டூ படிக்கும்போது. நான்காவது நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம். அவற்றைப் பற்றி விளக்கமாக எழுத எதுவும் இல்லை. இரண்டாவது தடவை ஒரு விஷயத்தைச் செய்துவிட்டால் மூன்றாவதுக்கு மனசு பெரிதாகத் தடுப்பதில்லை. கங்கையா வருவார், "தேய்ஞ்சிடுச்சு நைனா" என்பார், நம் பக்கத்தில் எல்லாருக்கும் எல்லாரும் நைனாதான், இரண்டு பேருக்கும் அது தேயவில்லை என்று தெரியும், டீ குடிப்போம், நான் கொஞ்சம் குறைத்துக் கடைவேன், பழைய எண்ணை அடிப்பேன், பழைய வளையம் என் டப்பாவுக்கு வந்துவிடும். காசு பணம் எதுவும் வாங்கியதில்லை. போகும்போது ஒரு பையில் சங்குச் சதையோ இறாலோ கொடுப்பார், அவ்வளவுதான். என்னை ஊரில் ஒருவர் தேடி வருகிறார், என் கைவேலைதான் வேண்டும் என்கிறார் என்ற கர்வம்தான் கூலி. இவ்வளவு மலிவாக விலை போனவன் நான்.

வீட்டில் முதலில் கண்டுபிடித்தது உன் அம்மா. கண்டுபிடித்தாள் என்றால், காரணம் தெரியாமல் கண்டுபிடித்தாள். ஆரம்பத்தில் கங்கையா கொடுக்கும் சதையில் நாலைந்து துண்டு நறுக்கினாலே சட்டி நிறையும், உப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பு எடுப்பதற்குள் கை கடுத்துப்போகும் என்பாள். பிறகு பிறகு அதே பையில் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது, சதை மட்டும் விரல் நுனியளவுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் கழுவிக்கொண்டே, "இன்னாங்க இது, குட்டிங்கள எல்லாம் புடிக்கிறாங்களா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும், கடலில் போய்ப் பார்த்தேனா என்று எரிந்து விழுந்தேன். அன்று அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

அந்தச் சின்ன ஓட்டையால் என்ன கெடுதல் என்று உண்மையிலேயே எனக்கு அப்போது தெரியாது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. பட்டறையில் டிராயிங் வரும், அதில் இருப்பதைக் கடைவோம், அது எந்த மெஷினில் எந்த இடத்தில் போய் உட்காரும் என்று கேட்க மாட்டோம். கேட்டால் சூப்பர்வைசர், உன் வேலையைப் பார் என்பார். முப்பது வருஷம் அப்படியே இருந்து பழகிவிட்டது. வளையத்தில் ஏன் அந்த எண், யார் வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள் என்று நான் கங்கையாவை ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். அது ஏதோ தரம் பிரிப்பது, பெரியது சின்னது பார்ப்பது என்று நினைத்துக்கொண்டேன். நீ ஆராய்ச்சிக்குச் சங்கை எடுத்துக்கொண்டு, முதல் விடுமுறைக்கு வந்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. நீ தட்டில் சோறு காய்வதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தாய். சங்கு ஓட்டை மாற்றுவதில்லை, பிறந்த ஓட்டிலேயே உதட்டோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு போகிறது, சின்னதில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் வளர்கிறது, அது ஒரு பருமனுக்கு வந்த பிறகுதான் முட்டை வைக்கும், முட்டைக் கூடு ஆட்டுக்கொம்பு போல முறுக்கிக்கொண்டு மண்ணில் நிற்கும் என்றாய். பிறகு சொன்னாய்: "ஒரு தடவையாவது முட்ட வைக்கணும்பா. அதுக்குத்தான் அந்த வளையம். அதுக்குள்ள வுயுதுன்னா அது இன்னும் முட்ட வைக்கலன்னு அர்த்தம்."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். எழுந்து போய்க் கை கழுவினேன். ஏன் பாதியில் எழுந்துவிட்டாய் என்று நீ கேட்டாய். பசியில்லை என்றேன். அதுவரைக்கும் செய்ததற்கு, தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான் பெரிய தப்பைச் செய்தேன்.

பழைய கணக்கு எங்கேயாவது கிடைக்குமா என்று நீ அலைந்தாய். நான்தான் கங்கையாவிடம் நோட்டுகள் இருக்கின்றன என்று சொன்னேன். ஏன் சொன்னேன்? உனக்கு உதவ வேண்டும் என்ற ஆசை, என் பழக்கத்தைக் காட்டிக்கொள்ளும் ஆசை, இரண்டும்தான். அதில் என் கழுத்துக்கே கயிறு இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை. பொன்னேரியில் பஸ் ஏறி இருவரும் போனோம். கங்கையாவின் கொட்டகையில் சங்கு மலைபோலக் குவிந்திருந்தது, வாடை மூக்கைத் துளைத்தது. நீ நோட்டுகளைப் பார்த்து, புதையல் கிடைத்தவன் மாதிரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். வருஷா வருஷம் நின்றது இவ்வளவு, விழுந்தது இவ்வளவு என்று பார்த்துவிட்டு, எல்லா வருஷமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டாய். பிறகு, ஆணியில் மாட்டியிருந்த வளையத்தைக் கையில் எடுத்தாய். ஓரத்து எண்ணைப் படித்தாய். கங்கையாவைப் பார்த்து, "மாமா, இத்தினி வருசமும் இதே சைஸ் வளையம்தானா?" என்று கேட்டாய்.

கங்கையா என்னைப் பார்த்தார். "ஒங்கப்பாவையே கேளு நைனா. அவரு கடைஞ்சதுதான எல்லாம்" என்றார்.

நீ என் பக்கம் திரும்பினாய். உன் வலது கை அப்போதே பைக்குள் போய்விட்டது. அளவு பார்க்கும் வெர்னியரை எடுக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். பட்டறையில் ஒரு தாடை உடைந்துபோனதால் கழித்துப் போட்ட வெர்னியரை உனக்கு ஏழு வயசில் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மாவின் தோசை, பக்கத்து வீட்டு ஆட்டின் காது, கரப்பான்பூச்சி என்று எதையும் விடாமல் அளந்து திரிந்தவன் நீ. ஒரு நிமிஷம் நான் சும்மா இருந்திருந்தால் போதும். நீயே அளந்திருப்பாய். எண்ணும் ஓட்டையும் பொருந்தவில்லை என்று கண்டிருப்பாய். நான் முந்திக்கொண்டேன். "எல்லாம் ஒரே சைஸ்தான்" என்றேன்.

உன் கை பையை விட்டு வெறுமனே வெளியே வந்தது. பேனாவை எடுத்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாய். அந்தக் கை திரும்பி வந்ததைத்தான் நான் இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் யார் சொல்லியிருந்தாலும் நீ அளந்து பார்த்திருப்பாய்.

பிறகு ஆறேழு மாசம் கழித்து நீ போன் செய்தாய். வளையத்தில் நிற்கும் சங்கின் எடையைப் பழைய புத்தகங்களோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவாக இருக்கிறது, அளவு குறையவில்லை, எடை மட்டும் ஏன் குறைகிறது என்று புரியவில்லை, கடலடியில் தீனி குறைந்துவிட்டதோ என்று கேட்டாய். காரணம் என் தலைக்கு மேல் பரணில் இருந்தது. எடை குறையக் காரணம், அது சின்னச் சங்கு. நான், "இருக்கலாம் நைனா, தண்ணி சரியில்லயே" என்றேன். நான் மழுப்பினேன் என்று முதலில் சொன்னது இதைத்தான். நீ அதையே பிடித்துக்கொண்டு ஒரு அத்தியாயம் எழுதிவிட்டாய் என்று இப்போது தெரிகிறது. இல்லாத பட்டினிக்கு நீ காரணம் தேடியிருக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஸ்பீக்கரில் பேசியபோது அம்மா என் பக்கத்தில்தான் இருந்தாள். வேலை முடிந்துவிட்டது, சங்கு பிடிப்பதற்குப் புதிதாக எந்தக் கட்டுப்பாடும் தேவையில்லை என்று முடிவு எழுதியிருக்கிறேன், இதை மீன்வளத்துறைக்காரர்களும் வாங்கிப் படிப்பார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாய். பிறகு முதல் பக்கத்து நன்றியைப் படித்துக் காட்டினாய். 'எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதே என்று கற்றுக்கொடுத்த என் அப்பாவுக்கு.' அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வெளியே போய்விட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

"புள்ள ஒம் பேரப் போட்டுக்கீறான், நீ இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கீற?" என்று அவள் என்னை விடவில்லை. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பவில்லை. நீயா, உன் கையாலா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். அவள் வளையங்களை எடுத்துச் சமையல்கட்டுத் தரையில் வரிசையாக வைத்தாள். போன வாரம் கங்கையா சதை எடுக்காமல் முழுசாகக் கொடுத்த ஒரு சங்கு ஓடு ஜன்னலில் கிடந்தது. அதை எடுத்துப் பித்தளை வளையத்தில் விட்டாள். பொத்தென்று விழுந்தது. என் முதல் வளையத்தில் விட்டாள், விழுந்தது. இரண்டாவதில் கொஞ்சம் உரசிக்கொண்டு விழுந்தது. மூன்றாவதில் நின்றது. அதை அப்படியே கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அதுல வுயுது, இதுல நிக்குது. ஒரே சங்கு. இன்னாய்யா பண்ணி வச்சிக்கீற நீ?"

அவள் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும்தான். உன் ஆராய்ச்சியும் என் முப்பது வருஷத் தொழிலும் சொல்லாததை அவள் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். நீ எழுதி அனுப்பவில்லை என்றால் நானே அவனிடம் சொல்வேன் என்றாள். அவள் சொல்லித்தான் எழுதுகிறேன் என்று நீ நினைத்தால் அதுவும் நியாயம்தான், நான் மறுக்க மாட்டேன்.

நான்காவது வளையம் கங்கையாவிடம் இருந்தது. அது இல்லாமல் இதை அனுப்பிப் பிரயோஜனமில்லை என்று நேற்றுக் காலையில் பழவேற்காடு போனேன். சொன்னதும் அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். எல்லாம் நீ கேட்டதால்தானே என்று நான் பழியை அவர் பக்கம் தள்ளப் பார்த்தேன். அவர் நிதானமாக, "சின்னதாப் போடுன்னு நான் சொன்னன், இல்லன்னு சொல்லல. எம்மாஞ் சின்னதுன்னு நான் எப்பனா சொல்லிக்கீறனா? அது நீ வச்ச அளவு" என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. எவ்வளவு குறைப்பது என்று ஒவ்வொரு தடவையும் தீர்மானித்தது நான் மட்டும்தான்.

பிறகு ஆணியிலிருந்து வளையத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். எடுத்துக்கொண்டு போ, இனிமேல் இதுவும் உபயோகமில்லை என்றார். எனக்குப் புரியவில்லை. கூடையிலிருந்து ஒரு கை சங்கை அள்ளி ஒவ்வொன்றாக அதில் விட்டுக் காட்டினார். என் கடைசி வளையம், இருப்பதிலேயே சின்னது. அதிலும் ஒன்று விட்டு ஒன்று விழுந்தது. "இன்னொண்ணு போட்டுக் குடுப்பியான்னு கேக்க நானே வரலாம்னு இருந்தன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கிழவர்களும் தரையில் விழுந்து கிடந்த சங்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீ வந்தது, ஆறிப்போயிற்று. நோட்டுகளை எத்தனை நாள் வேண்டுமானாலும் நீ வைத்துக்கொள்ளலாம், தன் பெயரையும் மறைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

நீ இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை, ஆனாலும் தொழில்காரனாக ஒன்றைச் சொல்கிறேன். உன் உழைப்பு வீணாகவில்லை. நோட்டில் எழுதியிருக்கும் எண்ணிக்கை பொய் இல்லை, வளையம்தான் பொய். எந்த வளையம் எந்த மாசத்திலிருந்து ஓடியது என்பது என் நாலு வளையத்தின் உள்பக்கத்திலும் பஞ்ச் அடித்திருக்கிறது. அதற்கு முந்தையதெல்லாம் பித்தளைக் காலம். நோட்டையும் வளையத்தையும் தேதி பார்த்துச் சேர்த்து வைத்தால், சங்கு எப்போதிலிருந்து எவ்வளவு சிறுத்தது என்பது தானாக வெளியே வந்துவிடும். என் கிறுக்குத்தனத்தில் உருப்படியானது இது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை கொடுக்க முடியாது. ஒருவேளை ஆறு மாசம், ஒரு வருஷம் தள்ளிப்போகும். உன் ஆசிரியர் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். உன்னை ஒரு தடவை அப்படி நிற்க வைத்தவன் நான், இரண்டாவது தடவையும் நானே நிற்க வைக்கிறேன். இந்தத் தடவை நீ தனியாக நிற்க வேண்டாம். எந்த நாள் என்று சொல், ரயிலேறி வருகிறேன். எண்ணை மாற்றியது நான்தான் என்று அவரிடம் நானே சொல்கிறேன். எனக்கும் குரல் வராமல் போகலாம், பரவாயில்லை.

வராதே என்று நீ சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். ஒன்பது நாள் பேசாமல் இருந்தவனுக்கு நீ எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இருக்கலாம். உன் அம்மாவிடம் மட்டும் பேசு, அவள் இதில் எந்தப் பாவமும் செய்யவில்லை. முதல் பக்கத்தில் இருக்கும் அந்த வரியை எடுத்துவிடு. என் பெயர் எங்கேயாவது வரத்தான் வேண்டும் என்றால், தப்பு எப்படி நேர்ந்தது என்று எழுதும் பக்கத்தில் போடு.

இப்போது டப்பாவைத் திறக்கலாம். பித்தளை ஒன்று, ஸ்டீல் நாலு. ஐந்தின் ஓரத்திலும் ஒரே எண்தான் இருக்கும், அதைப் பார்க்காதே. நேற்று ராத்திரி ஐந்தையும் அளந்து ஒரு தாளில் எழுதி, இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்தேன். காலையில் அந்தத் தாளை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டேன். என் கையால் எழுதிய எண் இனி உனக்கு வேண்டாம். உன் பையில் வெர்னியர் இருக்கும். யார் என்ன சொன்னாலும் இந்தத் தடவை அதை வெளியே எடு, நைனா.

அப்பா